மட்டாஞ்சேரியில் ஓ.டி.

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பெட்டி ஃபைல் இருக்கிறது. அதற்குள் 43 பங்கேற்புச் சான்றிதழ்கள். 29 வருடம் கல்லூரி நூலகராகக் குப்பை கொட்டிவிட்டு ரிடையர் ஆனவனுக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள வேறென்ன இருக்கும்? அவற்றில் 11 சான்றிதழ்களில் என் பெயர் தப்பு. ஒன்றில் 'திருமதி' என்று போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் பெயரைப் பதியும்போது தலைப்பெழுத்தை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று நூலகர்கள் 200 பேர் இரண்டு நாள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்ட கருத்தரங்கு அது.

சான்றிதழ் போக, பைகள். ஒவ்வொரு கருத்தரங்கிலும் ஒரு பை கொடுப்பார்கள். உள்ளே எழுதாத பேனா, ஆறு தாள் நோட்டு, ஸ்பான்சரின் விளம்பர நோட்டீஸ். எங்கள் வீட்டுக்கு வெங்காயம் இன்றைக்கும் 'தகவல் யுகத்தில் நூலகரின் மாறிவரும் பங்கு' என்ற பையில்தான் வருகிறது. எனக்குத் தெரிந்து நூலகரின் பங்கு மாறிய ஒரே இடம் அதுதான்.

இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பதவி உயர்வுக்கு மார்க் வேண்டும். மார்க்குக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு, உட்கார்ந்த இடத்தில் கண்ணைத் திறந்தபடி தூங்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் சீனியர் ஆனபின் மேடையில் உட்காரவைத்தார்கள். அங்கே தூங்குவது இன்னும் கஷ்டம். எதிரே 200 பேர் தூங்குவதைப் பார்த்தால் யாருக்கும் கொட்டாவி வரும்.

எர்ணாகுளத்தில் நடந்த மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. முதல் நாள் வெள்ளிக்கிழமை. நிலவிளக்கு ஏற்றவேண்டிய பிரமுகர் ஒன்றரை மணி நேரம் தாமதம். வந்தவர் நூலகம் பற்றிப் பேசினார். சின்ன வயதில் தான் நூலகத்துக்குப் போகாமலே எப்படி முன்னேறினார் என்று. கைதட்டினோம். சனிக்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியின் உதவி நூலகர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"சார், நம்ம பேப்பர் மூணரைக்குத்தான் சார்."

"அதுக்கு?"

"மட்டாஞ்சேரி போயிட்டு வந்திடலாமா சார்?"

"ஏம்மா, நாம ஆன் டூட்டி, ஓ.டி.யில வந்திருக்கோம்."

"மட்டாஞ்சேரியும் கேரளாவிலதானே சார் இருக்கு. ஓ.டி. லெட்டர்ல கேரளான்னுதான் போட்டிருக்கு."

இந்தப் பெண் ஒருநாள் பதிவாளராக வருவாள் என்று அப்போதே நினைத்தேன்.

ஜெட்டியில் படகேறிக் கோட்டைக் கொச்சியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். மட்டாஞ்சேரிக்குள் நுழைந்ததும் மூக்குத்தான் முதலில் விழித்துக்கொள்ளும். பஜார் ரோட்டு குடோன்களில் சுக்கும் மிளகும் சாக்குச் சாக்காக அடுக்கிக் கிடக்கும். ஒருவர் சாக்கை உதறினால் தெருவே தும்மும். முதலில் டச்சுக் கொட்டாரத்துக்குப் போனோம். 1555 வாக்கில் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்த அரண்மனை. 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்தார்கள். பெயர் டச்சுக் கொட்டாரம் ஆகிவிட்டது.

"கட்டினவன் ஒருத்தன், வெள்ளையடிச்சவன் பேர்ல கட்டடம்" என்றாள் அவள்.

நான் பேசவில்லை. மூன்றரை மணிக்குப் படிக்க இருந்த கட்டுரையை எழுதியது அவள். முதல் பெயர் என்னுடையது.

யூதத் தெருவில் பரதேசி சினகாக் பூட்டியிருந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். 1568-இல் கட்டியது. வெளியே நிற்கும் மணிக்கூண்டு 1760-ஐச் சேர்ந்தது, எசெக்கியேல் ரஹாபி என்ற வியாபாரி கட்டியது. ஒரு முகத்தில் எபிரேய எழுத்து, ஒன்றில் ரோமன், ராஜாவின் அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண். அவரவருக்கு அவரவர் மணி. எங்கள் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலும் ஏறக்குறைய இப்படித்தான்: அச்சடித்த நேரம் ஒன்று, அறிவிக்கிற நேரம் ஒன்று, சாப்பாடு வருகிற நேரம் ஒன்று.

கூட்டம், தீர்மானம், கையெழுத்து என்கிற விஷயத்தில் இந்த வட்டாரம் நமக்கெல்லாம் தாத்தா. எங்கள் தொழிலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட முதல் பெரிய மாநாடு இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், உதயம்பேரூரில் நடந்தது. 1599 ஜூன் 20 முதல் 26 வரை, ஏழு நாள். அமைப்பாளர், தலைவர், முதன்மை உரையாளர், தீர்மானக் குழு எல்லாம் ஒரே ஆள்: கோவாவின் பேராயர் அலெய்ஷோ டி மெனசஸ். சிரியன் கிறிஸ்தவர்களை ரோமாபுரியின் முறைக்குக் கொண்டுவருவது நோக்கம். பாதிரிமாரும் ஊர்க்காரர்களுமாக 800-க்கு மேல் ஆள். இடவப்பாதி மழை ஊற்றுகிற மாதத்தில் 800 பேரைக் கூட்டிய மனிதருக்கு முன்னால், ஏப்ரல் மாதத்தில் 80 பேரைக் கூட்ட முடியாமல் பி.எட். மாணவிகளைக் கொண்டுவந்து நாற்காலியை நிரப்பும் நாமெல்லாம் எம்மாத்திரம்?

தீர்மானங்களை அவர் முன்கூட்டியே எழுதிக் கையில் வைத்திருந்தார். மலையாளத்தில் வாசித்தார்கள், கடைசியில் கையெழுத்து. விவாதம் என்று பெரிதாக ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. இதுவரைக்கும் நமக்குப் பழகிய கதைதான். தீர்மானங்களில் ஒன்று மட்டும் நூலகத் துறைக்கானது. தப்பான புத்தகங்கள் என்று ஒரு பட்டியல், அவற்றை வைத்திருப்பவர்கள் திருத்துவதற்கோ எரிப்பதற்கோ ஒப்படைக்க வேண்டும் என்று ஓர் ஆணை. பட்டியலில் குறிபார்க்கும் நூல் ஒன்று இருந்தது, பாரசீக வைத்திய நூல் ஒன்றும் இருந்தது. பிறகு மெனசஸ் ஊர் ஊராகப் போனார். சிரியாக் ஓலைகளும் ஏடுகளும் தீக்கு இரையாகின.

நூலகத்தில் இதற்கு நாகரிகமான பெயர் உண்டு: வீடிங் அவுட். கிழிந்தது, பழைய பதிப்பு, யாரும் தொடாதது ஆகியவற்றைக் கழித்துக்கட்டுவது. அதற்குக் கமிட்டி போட வேண்டும், மூன்று கையெழுத்து வேண்டும், அப்புறமும் ஆடிட்டில் ஆட்சேபம் வரும். 1987-ஆம் வருடத்து டெலிபோன் டைரக்டரி ஒன்றைக் கழிக்க நான் நான்கு வருடம் அலைந்தேன். மெனசஸுக்கு ஏழு நாள். வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையில் 'எரிக்கப்பட்டது' என்று எழுதினாரா என்பதுதான் என் தொழில்முறைக் கவலை. அந்தப் பட்டியலில் இருந்த சில புத்தகங்களைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிவதே அந்தப் பட்டியல் மூலம்தான். சரித்திரத்திலேயே புத்தகங்கள் போனபின் கேட்டலாக் மட்டும் மிஞ்சிய ஒரே நூலகம் அது. இல்லை, தப்பு. என் கல்லூரியிலும் ஒரு பிரிவு அப்படி இருந்தது.

மெனசஸின் மாநாட்டுக்குப் பதில் மாநாடு 54 வருடம் கழித்து மட்டாஞ்சேரியிலேயே நடந்தது. 1653 ஜனவரி 3. முந்தின வருடம் அஹத்தல்லா என்ற மேற்காசிய ஆயர் நம் மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். போர்ச்சுக்கீசியர் அவரைப் பிடித்துவைத்துக் கப்பலேற்றிவிட்டார்கள். கடலில் அமுக்கிக் கொன்றுவிட்டார்கள் என்று மலபார் முழுக்க வதந்தி பரவியது. கொதித்துப்போன சிரியன் கிறிஸ்தவ ஜனம் மட்டாஞ்சேரியில் திரண்டது. சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும்: இனி ஏசு சபைப் பாதிரிமாருக்குக் கட்டுப்பட மாட்டோம். ஆனால் ஆயிரக்கணக்கில் கூட்டம். ஒரு சிலுவையை எத்தனை பேர் தொடுவது? கயிறு கட்டினார்கள். சிலுவையிலிருந்து நாலா பக்கமும் கயிறுகள் போக, தூரத்தில் நின்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள்.

"ஹைப்ரிட் மோட் சார்!" என்றாள் உதவி நூலகர்.

அதுதான். நேரில் பங்கேற்றவர், இணைப்பில் பங்கேற்றவர். கயிற்றில் நெட்வொர்க் பிரச்சினை கிடையாது. 'சார், நீங்க மியூட்ல இருக்கீங்க' கிடையாது. இத்தனை பேர் இழுத்த இழுப்பில் சிலுவை வளைந்துவிட்டது என்பது ஐதீகம். கூனன் குரிசு, அதாவது கூனல் சிலுவை என்ற பெயர் அப்படி வந்தது. அந்தப் பெயரில் மட்டாஞ்சேரியில் இன்றும் பழைய தேவாலயம் இருக்கிறது. நான் போன 43 கருத்தரங்குகளிலும் தீர்மானம் போட்டோம். எதுவும் எதையும் வளைத்ததாக எனக்கு நினைவில்லை. உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள்தான் அந்த மாநாட்டை மாநாடாக்கினார்கள் என்று நான் சொன்னபோது அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நாமளும் வெளியதான் சார் நிக்கிறோம். பசிக்குது."

காயிக்கா பிரியாணிக் கடையை மட்டாஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். கூட்டம் நெரிந்தது. ஒரு மேஜையில் இரண்டு இடம் காலியானது. உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே எங்கள் மூன்றரை மணி அமர்வின் தலைவர். அதற்கு முந்தின வேறோர் அமர்வுக்கும் அவர்தான் தலைவர். மணி பன்னிரண்டரை, அந்த அமர்வு அரங்கில் நடந்துகொண்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் மட்டன் துண்டைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் வாழ்நாளில் சந்தித்ததில்லை என்ற ஒப்பந்தம் ஒரு வார்த்தை பேசாமல் அங்கே கையெழுத்தாகியது. அவர் தம் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வலது கையால் விட்ட வேலையைத் தொடர்ந்தார்.

வெளியே வந்ததும் சுக்கு வாசனை மறுபடி. அப்போதுதான் எனக்கு இட்டி அச்சுதன் ஞாபகம் வந்தது.

கொச்சியில் நடந்த கூட்டங்களிலேயே எனக்குப் பிடித்தது 1670-களில் நடந்ததுதான். டச்சுக் கம்பெனியின் மலபார்த் தளபதி ஹென்ட்ரிக் வான் ரீடு. இலங்கைதான் முக்கியம், கொழும்புதான் தலைமையிடமாக வேண்டும் என்று வான் கூன்ஸ் என்ற பெரிய அதிகாரி அடித்துப் பேசிக்கொண்டிருந்த காலம். இல்லை, மலபார்தான் சொர்க்கம் என்று நிரூபிக்க வான் ரீடுக்கு ஓர் ஆதாரம் தேவைப்பட்டது. கம்பெனிச் சிப்பாய்களுக்கு மருந்து வேறு ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கீழ்த்திசைச் சரக்கை அங்கே கொண்டுபோய் மறுபடி இங்கேயே கப்பலேற்றி, காலாவதியான கஷாயமாக. இங்கேயே காட்டில் இருக்கிறதே என்றார். நம் பாஷையில் சொன்னால் புராஜெக்ட் புரபோசல். பட்ஜெட்டை நியாயப்படுத்தப் புத்தகம் போட்ட முதல் ஆள் இல்லை, கடைசி ஆளும் இல்லை. ஆனால் போட்டார் பாருங்கள் ஒரு புத்தகம்: 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்'. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகள், 742 தாவரங்கள். முதல் தாவரம் தேங்கா. கேரளத்தில் வேறு எதை முதலில் வைக்க முடியும்?

சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியின் கொல்லாட்டு வைத்தியர் இட்டி அச்சுதனைக் கோட்டைக்கு வரவழைத்தார்கள். கொச்சிக் கொங்கணி பிராமணர்கள் மூன்று பேர்: ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர். மேத்யூஸ் என்ற கார்மெலைட் துறவி ஒருவர். ஈழவ வைத்தியரும் பிராமணரும் டச்சுக்காரனும் ஒரே திட்டத்தில். டீ பிரேக்கில் யார் எங்கே நின்றார்கள் என்று நான் அடிக்கடி கற்பனை செய்வதுண்டு. ஒரே மேஜையில் நின்றிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொல்வார். இமானுவேல் கார்னெய்ரோ என்ற துபாஷி அதைப் போர்ச்சுக்கீசியத்தில் சொல்வார். அது டச்சுக்குப் போகும். டச்சிலிருந்து லத்தீனுக்கு மாற்றுகிறவர் கொச்சியின் டச்சுப் பாதிரி காசேரியஸ். இந்தக் காசேரியஸ் மாணவனாக இருந்தபோது அவருக்குப் பாடம் சொன்னவர் தத்துவ ஞானி ஸ்பினோசா. இந்தப் பையனைப் போல எனக்குத் தொல்லை வேறு யாருமில்லை என்ற பொருளில் 1663-இல் அவர் நண்பருக்கு ஒரு கடிதமே எழுதியிருக்கிறார். ஆசிரியருக்குத் தலைவலியாக இருந்தவனெல்லாம் கடைசியில் எடிட்டோரியல் போர்டில் வந்து உட்காருவது அன்றும் உண்டு போல.

இத்தனை வாய் மாறியும் செடி செடியாகவே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், படத்துக்குப் பக்கத்தில் பெயரை மலையாளம், நாகரி, அரபி, ரோமன் என்று எல்லா எழுத்திலும் பொறித்ததுதான். பின்னால் லின்னேயஸ் செடிகளுக்குப் பெயர் வைக்கும்போது இந்தப் புத்தகத்தைத்தான் புரட்டினார். எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. முதல் தொகுதியின் முன்பக்கங்களில் அச்சாகியிருக்கும் சான்றிதழ்கள்தான் பெரிது. இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20-ஆம் தேதி கோலெழுத்தில் எழுதிக் கொடுத்தது: நான் இன்னார், பரம்பரை வைத்தியன், தளபதியின் கட்டளைப்படி கோட்டைக்கு வந்தேன், எங்கள் நூலில் உள்ளபடியும் அனுபவத்தில் கண்டபடியும் மரம் செடி கொடிகளின் பெயரையும் குணத்தையும் துபாஷியிடம் சொன்னேன் என்கிற மாதிரி. கொங்கணிக்காரர்கள் மூவரும் நாகரியில் தங்கள் பங்குக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். துபாஷியும் தனியாக ஒன்று.

கவனித்தீர்களா? அமைப்பாளர் பங்கேற்றவருக்குச் சான்றிதழ் தரவில்லை. பங்கேற்றவர் அமைப்பாளருக்குத் தருகிறார்! அதிலும், 'வந்து உட்கார்ந்திருந்தார்' என்பதற்கு இல்லை, 'இது என் சரக்கு, நான் பொறுப்பு' என்பதற்கு. என் பெட்டி ஃபைலை நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பிரியாணி உண்ட மயக்கத்தில் அந்தக் கூச்சம் அதிக நேரம் நிற்கவில்லை.

இன்னொரு விஷயம். இந்தப் புத்தகத்துக்குச் சுமார் 100 வருடம் முன்னாலேயே, 1579 நவம்பரில், கொச்சியில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது: 'கிரிசித்தியானி வணக்கம்', அன்றிக் அடிகளார் போட்டது. நமக்கும் இந்த ஊரில் பாத்தியதை உண்டு என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். மீட்டர் மேல் 20 ரூபாய் கேட்டார்.

திரும்பும் படகில் உதவி நூலகர் திடீரென்று கேட்டாள்: "ரங்கநாதன் சார் எத்தனை கான்ஃபரன்ஸ் போயிருப்பார்?"

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்லாமல் எங்கள் ஆட்கள் ஐந்து நிமிடம் பேசினால் நாக்கு அழுகிவிடும். அவர் கணக்கு வாத்தியார். மதராஸ் பல்கலைக்கழக நூலகர் வேலைக்குச் சுமார் 900 பேர் மனுப் போட்டதாகச் சொல்வார்கள். முறையான நூலகப் படிப்பு ஒருவருக்கும் இல்லை. இவர் நேர்முகத்துக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார். வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, ஆள் அரவமே இல்லாத இந்தத் தனிமைச் சிறை வேண்டாம், பழைய வேலையைக் கொடுங்கள் என்று மாநிலக் கல்லூரி வாசலில் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். இந்திய நூலகத் துறையின் பிதாமகர் டிரான்ஸ்ஃபர் கேட்டு அலைந்தவர் என்பது எனக்கு ஆறுதல் தரும் செய்திகளில் ஒன்று.

லண்டனில் வகுப்பில் பாடம் நடந்தது, சரி. ஆனால் புத்தகங்களை வகைபிரிக்கும் அவருடைய கோலன் பகுப்பு முறையின் பொறி தட்டியது செல்ஃப்ரிட்ஜஸ் கடையில், பொம்மைப் பிரிவில். மெக்கானோ செட் ஒன்றை வைத்துச் சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான சாமான் செய்துகாட்டிக்கொண்டிருந்தார்கள். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பூட்டலாமே!

"அன்னிக்கு ஓ.டி. போட்டுட்டா சார் கடைக்குப் போனார்?"

அவருடைய நூலகவியலின் ஐந்து விதிகளும் அப்படித்தான். 1928-இல் எல்லாம் மனசில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கணக்குப் பேராசிரியர் எட்வர்ட் ராஸ் ஒரு சாயங்காலம் வந்தார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதுதானே உன் முதல் விதி என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மீதி நான்கும் மளமளவென்று வந்தன. அந்த டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில் அவற்றைச் சொன்னார். 1931-இல் புத்தகமாயிற்று. மேடையில் வாசித்தது டிசம்பரில். விஷயம் நடந்தது ராஸ் வந்த அந்தச் சாயங்காலத்தில்.

அரங்குக்குள் நுழையும்போது மணி 3.25. அமர்வின் தலைவர் எங்களுக்கு முன்னால் வந்து, முகம் கழுவி, அடையாள அட்டை மாட்டி, மேடையில் உட்கார்ந்திருந்தார். கட்டுரையை நான் படிக்கவில்லை. "எழுதினவங்களே படிக்கட்டும்" என்று அவளை அனுப்பினேன். அவள் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். எட்டு நிமிடம். ஒரு கேள்வி கேட்டார்கள். நானாக இருந்தால் பதில் தெரிந்திருக்காது.

ஐந்து மணிக்குச் சான்றிதழ். எங்கள் அமர்வுச் சான்றிதழ்களில் தலைவரும் கையெழுத்துப் போடவேண்டும். மூன்று நாளும் முழுமையாகப் பங்கேற்றார் என்று அச்சடித்திருந்தது. மூன்றாவது நாள் அடுத்த நாள்தான். என் முறை வந்தது. அவர் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதல் தடவையாகப் பார்க்கிறவர் போல மரியாதையாகச் சிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

44-ஆவது சான்றிதழ். பெயரில் பிழை இல்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பட்ட இடத்தில், பிரியாணி நெய் வட்டமாகப் படிந்திருந்தது. அதை மட்டும் பெட்டி ஃபைலில் போடாமல் தனியாக வைத்திருக்கிறேன்.